வித்தும் நிலமும்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அங்கு ஆடு பிடிக்க வருபவர் இனத்தை மட்டும் விசாரித்துப் பணம் கொடுப்பதில்லை. மேய்ச்சலையும் தீனியையும் கவனித்தே விலை பேசுகிறார். ஆட்டுக்குக் காட்டும் இந்த நியாயத்தை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. மலைக்கிராமத்துச் சிறுவனோ, ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் மகளோ கணக்கில் பின்தங்கினால், “அந்த வம்சத்துக்குப் படிப்பு ஏறாது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

பரம்பரைக்குச் சக்தியே இல்லை என்பது நமது வாதமன்று. ஏறக்குறைய 30 லட்சம் மக்களின் மரபணுக்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2022-இல் வெளியாயிற்று. மரபணுக்களின் செல்வாக்கையெல்லாம் ஒன்றுகூட்டியும், மனிதருக்கு மனிதர் படிப்பில் காணும் வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்துக்கே அதனால் காரணம் கூற முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சத்தாருக்குரிய கணக்கு. நம் நாட்டாருக்கு அப்படியே பொருந்தாது.

அமெரிக்க இரட்டைக் குழந்தைகளைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் கவனிக்கத்தக்கது. வசதியான வீடுகளில் அறிவுச் சோதனையின் வித்தியாசம் பெரும்பாலும் பரம்பரையால் ஏற்பட்டது. ஏழை வீடுகளிலோ பரம்பரையின் பங்கு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஐரோப்பாவில் இதே முடிவு கிட்டவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஏழ்மையின் கொடுமை எல்லா நாட்டிலும் ஒரே அளவினதன்று. ஆயினும் உழவன் அறிந்த உண்மை இதுவே: வறண்ட நிலத்தில் நல்ல வித்தும் சோடைபோகும்.

நம் வேலூரிலேயே சான்று இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் நகரத்து ஏழைக் குழந்தைகளைப் பிறந்தது முதல் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். இளமையில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஒன்பதாம் வயதிலும் அறிவுச் சோதனையில் பின்தங்கியதைக் கண்டனர். இது குலத்தின் குற்றமா, கஞ்சியின் குற்றமா?

பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மிகுதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பயிலவேண்டுமென்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தைத் தமிழகம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். 1956-இல் மதிய உணவு வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. இவை போற்றத்தக்கவை. ஆனால் பள்ளிச் சோறு ஐந்து வயதுக்குப் பின்னரே கிடைக்கிறது. உடலும் மூளையும் வேகமாய் வளர்வதோ முதல் இரண்டாண்டுகளில்.

ஆகையால் சர்க்காருக்கு நாம் சொல்வது இது: கர்ப்பிணியின் இரத்தசோகையைத் தீர்ப்பதும் அங்கன்வாடியைச் செம்மைப்படுத்துவதும் கல்வி இலாகாவின் காரியங்களே என்று கருதி நடத்துங்கள். உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை: மக்கு என்று எழுதுமுன், அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, பலகையிலுள்ள எழுத்து அதன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். நிலத்தைத் திருத்தாமல் வித்தைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை.