கருத்தடை பொய்த்தால் பொறுப்பு யாருடையது?

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பெண் மீண்டும் கருவுற்றால், ஊரின் ஐயம் முதலில் அவள் மீதே விழுகிறது. கணவன் முகம் கடுக்கிறான், மாமியார் ஏசுகிறார். அறிவியல் கூறுவதோ வேறு. கருக்குழாய் அடைப்பு முற்றிலும் பொய்க்காத முறை அன்று. அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான ஆய்வின்படி, பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கு 18 பேர் அளவில் கருவுற்றனர். அக்கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கியது. அது தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. இளவயதில் அறுவை செய்துகொண்டோருக்கு இந்த வாய்ப்பு மிகுதி. நம் நாட்டிலோ பெண்களில் பெரும்பாலோர் முப்பதை எட்டும் முன்பே இவ்வறுவைக்கு உட்படுத்தப்படுகின்றனர்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் நம்பியிருப்பது பெண் கருத்தடை அறுவையை. ஆண் கருத்தடை 0.3 விழுக்காடு மட்டுமே. எளிதும் பாதுகாப்பும் மிக்க அறுவை ஆணுக்குரியதாயிருந்தும், சுமை முழுவதும் பெண்ணின் உடல் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. ஆணாதிக்கத்துக்கு அரசுத் திட்டமே துணை நிற்கிறது.

ஹரியானாவில் ஏழு குழந்தைகளைப் பெற்ற கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு 1988இல் ஒரு கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு, அறுவை முடிந்ததெனச் சான்றிதழ் வழங்கினர். மீண்டும் பெண் குழந்தை பிறந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. 2000இல் அது தோற்றது. ஆனால் 2005இல் பஞ்சாப் வழக்கொன்றில், மருத்துவரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடில் இழப்பீடு கோர இயலாது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவை அறையில் மயங்கிக் கிடந்த பெண் கவனக்குறைவை எங்ஙனம் மெய்ப்பிப்பாள்?

அதே ஆண்டில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெற வழி செய்தது. எனினும் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்திலோ, அறுவை பொய்த்தால் மருத்துவர் பொறுப்பல்லர் என்ற வரி உண்டு. எழுத்தறியாப் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டுவோர் எத்தனை பேர்? மாதவிடாய் தவறினால் இரு வாரங்களுக்குள் மருத்துவமனைக்கு வரவேண்டும், விரும்பினால் கட்டணமின்றிக் கருக்கலைப்பு பெறலாம் என்பதும் அதே படிவத்தில்தான் உள்ளது. கருத்தடை பொய்த்தலை 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் ஏற்கிறது.

2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார், பலர் மாண்டனர். முகாம்களை மூன்றாண்டுகளில் ஒழிக்குமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணிக்கையே குறியாகும் இடத்தில் உயிரும் தப்பாது, அறுவையும் நிலைக்காது.

ஒவ்வோர் அறுவைக்கும் முறையான பின்தொடர் பரிசோதனை, தாய்மொழியில் விளக்கம், அலைக்கழிப்பற்ற இழப்பீடு ஆகியவற்றை அரசு உறுதிசெய்ய வேண்டும். பழி சுமத்தப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று, இவ்வுண்மைகளை வீடுதோறும் எடுத்துச் செல்வது இயக்கத்தின் கடமை.