பள்ளிக்கூடச் சாம்பாரில் நம் ஊர்க் காய்

நம் மாவட்டத்தில் மளிகைக் கடையோ காய்கறிக் கடையோ வைத்திருப்பவர்களுக்குச் சத்துணவு அமைப்பாளர் புதியவர் அல்லர். "கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று காலையில் சாமான் வாங்கிச் செல்பவர்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வந்துவிடுகின்றன. முட்டையும் அரசு ஒப்பந்தத்தில் வருகிறது. காய்கறியும் தாளிப்புச் சாமானும் உள்ளூர்க் கடைகளில் வாங்கப்படுகின்றன. ஆகவே பிள்ளைகளின் தட்டில் விழும் காய் எப்படிப்பட்டது என்பதில் வணிகர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு.

பள்ளியில் சோறு போடுவதில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடி. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-ல் காமராசர் தொடங்கிய திட்டத்தில் அரசுப் பணத்தோடு ஊராரின் பங்களிப்பும் சேர்ந்து உலை வைத்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. வயிறு நிறைய வழி பிறந்துவிட்டது. இனி அதில் சத்து எவ்வளவு என்பதே கேள்வி.

இராமேஸ்வரம் தீவுக்குக் காய்கறி எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிய மூட்டை மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி, பாம்பன் பாலம் கடந்து வந்து சேர இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மண்டியில் ஓர் இரவு, கடையில் ஒரு பகல் கழிந்து அடுப்புக்குப் போகும்போது கீரையாக இருந்தால் வாடிவிடும். கத்தரியாக இருந்தால் தோல் சுருங்கிவிடும். காய் வாட வாட வைட்டமின் சி சத்தும் குறைந்துபோகிறது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அழுகல் சேதாரம் அத்தனையும் விலையில் ஏறுகின்றன.

"வறண்ட பூமியில் என்ன விளையும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் மார்கழியிலிருந்து மாசி வரை கத்தரி, கொத்தவரை, அவரை, பூசணி, கீரை எல்லாம் இங்கேயே வருகின்றன. பங்குனி தொட்டு முருங்கைக்காய் மரம் கொள்ளாமல் தொங்குகிறது. முருங்கைக்கீரையோ ஆண்டு முழுவதும் உண்டு. இரும்புச் சத்துக்கு அதற்கு ஈடாக மலிவான பண்டம் வேறு எது? தையில் பனங்கிழங்கு வருகிறது. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி இருக்கிறது. கமுதி, கடலாடிப் பக்கம் குதிரைவாலி விளைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புதன்கிழமைப் பொங்கலைக் குதிரைவாலியில் வைத்தால் பிள்ளைகள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்?

நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயை வெளியூருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, நம் பள்ளிக்கூடச் சாம்பாருக்கு வெளியூர்ப் பொட்டலப் பொடியை எடுத்துக் கொடுப்பது அழகாகுமா?

கோடையில் உள்ளூர்க் காய் அருகிவிடும் என்பது உண்மைதான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் எப்போதுமே வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். விளைகிற மாதத்தில் விளைகிறதை முதலில் வாங்குவோம் என்பதே நாம் சொல்வது. பிரேசில் நாட்டில் 2009-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு முப்பதாவது சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கவே செலவாக வேண்டும் என்றது அந்த 2009 சட்டம்.

இதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி என்பது மத்திய அரசின் அளவு. 80 பிள்ளைகள் உள்ள மையத்துக்கு நாளுக்கு 4 கிலோ. 200 பள்ளி நாளுக்கு 800 கிலோ. பக்கத்துப் பக்கத்து முப்பது மையங்களைச் சேர்த்தால் நாளுக்கு 120 கிலோ. இவ்வளவும் நிச்சயமாகப் போகும் என்று தெரிந்தால் திருப்புல்லாணியிலோ உச்சிப்புளியிலோ கிணறு வைத்திருக்கும் விவசாயி துணிந்து தோட்டம் போடுவார். அந்தப் பணம் ஊரிலேயே சுற்றி நம் கல்லாவுக்கே திரும்பி வரும்.

வழியில் இரண்டு முட்கள் கிடக்கின்றன. முதலாவது, சத்துணவுக்கான பணம் கைக்கு வரத் தாமதமாவது. மண்டியில் ரொக்கம் கட்டி எடுத்த சரக்கை மாதக்கணக்கில் பற்றில் எழுதச் சிறு கடைக்காரரால் இயலாது. இரண்டாவது, "பள்ளிக்கூடத்துக்குத்தானே" என்று முந்தின நாள் மிச்சத்தைத் தள்ளிவிடும் பழக்கம். கடன் நிலுவையைக் காரணம் காட்டிச் சிலர் இப்படிச் செய்வது வணிக தர்மத்துக்கு ஒவ்வாது. நிலுவை பெரியவர்களின் கணக்கு. அதற்காகப் பிள்ளையின் தட்டில் சொத்தைக் கத்தரிக்காய் விழலாமா?

நாம் முன்வைப்பது இவைதான். ஒன்றியந்தோறும் எந்த மாதம் எந்தக் காய் என்று பட்டியல் தயாரித்து அமைப்பாளர்களுக்கும், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினருக்கும் நம் கிளைச் சங்கங்கள் தர வேண்டும். மொத்த வியாபாரிகள் வாரத்தில் ஒரு நாளாவது உள்ளூர் விளைச்சலுக்கு மண்டியில் இடம் ஒதுக்க வேண்டும். பள்ளிச் சரக்குக்குத் தனிப் பேரேடு, எடை குறித்த ரசீது கட்டாயம். மாதந்தோறும் குறிப்பிட்ட தேதிக்குள் பணம் பட்டுவாடா ஆக வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் சங்கம் முறையிட வேண்டும். நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் நம் கேட்புக்கும் வலு இருக்கும்.

இன்று வரிசையில் தட்டு ஏந்தி நிற்கும் பிள்ளைதான் நாளை நம் கடைக்கு வாடிக்கையாளர். சிந்திப்போம், செயல்படுவோம்.