கேஷைப் பெரிதாக்கினால் போதுமா?

"எல்1 கேஷைப் பெரிதாக்கு, ப்ராசசர் காத்திருக்காது" என்கிறார்கள். பல நிரல்களில் மிஸ் (தேடிய தரவு கேஷில் இல்லாத நிலை) குறையும், உண்மைதான். அதற்கு மேல் இந்த வாதம் நிற்காது.

1. பெரிதானால் கேஷே மெதுவாகும்.

2. ஒருமுறை மட்டும் தொடும் தரவுக்கு அளவால் என்ன பயன்?

3. முக்கியமானது இதுதான்: ஒரே நேரத்தில் எத்தனை மிஸ்களைத் தாங்கும்? மிஸ்ஸைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த கோரிக்கையைக் கவனிக்கும் வழியை டேவிட் கிராஃப்ட் 1981லேயே காட்டிவிட்டார். இன்டெல்லின் ஹாஸ்வெல் ப்ராசசரின் ஒரு கோரில் அதற்கு 10 இடங்கள். பதினோராவது மிஸ் வந்தால்? நிற்க வேண்டியதுதான், கேஷ் எவ்வளவு பெரிதானாலும்.

4. அதே ஹாஸ்வெல்லின் 32 கேபி, எட்டு வழி எல்1 கேஷில் (ஒரு செட்டில் எட்டு இடங்கள்), வரிசைக்கு 4,096 பைட் உள்ள அணியை நெடுக்காகப் படியுங்கள். எல்லா வரிசைகளிலிருந்தும் படிப்பவை ஒரே செட்டில் போய் விழும். ஒன்பதாவது வந்ததும் ஒன்று வெளியேறும். மீதி 63 செட்டுகளும் சும்மா கிடக்கும். வரிசை வரிசையாகப் படிக்கும்படி லூப்பைத் திருப்பிப் போடாமல் இன்னும் சிலிக்கான் கேட்பது என்ன நியாயம்?