கரிகாலனைக் கொன்றவர் யார்?

காஞ்சிப் பட்டை விரித்துப் பார்ப்போர் உடலின் நிறத்தையும் கரையையும் எவ்வளவு மெச்சினாலும், முந்தானைக்கு வந்த பின்னரே விலை பேசுவர். தொடர்கதைக்கும் இந்நியதி உண்டு போலும். நம் துறை மாணவரிடம் 'பொன்னியின் செல்வன்' பற்றிக் கேட்டால், "நான்கு பாகம் உறங்கவிடவில்லை ஐயா, ஐந்தாம் பாகம் ஏமாற்றிவிட்டது" என்ற குறையே மீண்டும் மீண்டும் எழுகின்றது. பதினைந்து வயதில் நூலகத்திலிருந்து பாகம் பாகமாக எடுத்துப் படித்த நாமும் அவ்வாறே மனம் குமைந்தோம். கொலையாளியின் பெயரைத் தேடிக் கடைசித் தாளின் பின்புறத்தையும் புரட்டிப் பார்த்தது நினைவிருக்கின்றது.

இக்குறை புதியதன்று. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த அத்தொடர் முடிந்தபோதே வாசகர் மனநிறைவு கொள்ளவில்லை. ஆசிரியர் தனியே ஒரு முடிவுரை எழுதி விளக்க நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

காஞ்சியில் வாழும் நமக்கு இவ்வினா அயலாருடையதன்று. வந்தியத்தேவன் ஓலையுடன் புறப்பட்டது இவ்வூரிலிருந்துதான். கரிகாலனின் தந்தை சுந்தர சோழர் உயிர் நீத்ததும் காஞ்சிப் பொன்மாளிகையில்தான். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன.

ஐந்தாம் பாகத்தில் நிகழ்வது என்ன? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகின்றது. இளவரசன் பிணமாகக் கிடக்கின்றான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகின்றது. மணிமேகலை 'நானே கொன்றேன்' என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தாம் எறிந்த கத்தியே காரணம் என்கிறார். பழியை ஏற்க முன்வருவோர் பலர். ஐயமறத் தெளிந்த கொலையாளி ஒருவரும் இல்லை. துப்பறியும் கதை படித்துப் பழகிய இளைஞருக்கு இஃது ஏமாற்றமே.

ஆயினும் பெயர் சொல்லாமையைக் குறையாகக் கொள்ள இன்று நம் மனம் ஒப்பவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கதை தொடங்கும் வீராணம் ஏரியின் அண்மையிலேயே அக்கல் இருப்பது வியப்பு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை அது சுட்டுகின்றது. ஏன் கொன்றனர், எவர் ஏவினர் என்பதற்கு அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. உத்தம சோழர் மீது ஐயம் கொண்டார் நீலகண்ட சாஸ்திரியார். அதனை மறுத்தார் சதாசிவப் பண்டாரத்தார். அறிஞரே உடன்படாத வழக்கில் நாவலாசிரியர் தீர்ப்பெழுதியிருந்தால், அந்நூலின் விற்பனைக்கு அத்தீர்ப்பே வரலாறாகியிருக்கும்.

திரைப்படம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தபின் இவ்வழக்கு தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. கல்வெட்டிலுள்ள பட்டப்பெயர்களைக் காட்டி ஒரு சாதி முழுவதையும் கூண்டிலேற்றுவோர் உளர். அப்பெயர்களே பொய்யென வாதிடுவோரும் உளர். இரண்டையும் நம் வகுப்பறையிலும் கேட்டோம். சிலர் செய்த குற்றம் அவர் பிறந்த கூட்டத்தின் தலையில் ஏறுவது எத்தகையது என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. அக்கல்வெட்டேகூடக் குற்றவாளிகளின் நிலத்தோடு உற்றார் உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொல்கின்றது. கொலை நடந்து ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கும் மேலான பின்! இராசராசனைப் போற்றுவோர் இவ்வரிகளையும் படித்தல் நன்று.

எனில் கல்கியின் மேல் நமக்குக் குறையே இல்லையா? உண்டு. அது வேறிடத்தில் உள்ளது. அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் பாண்டியன் மகனென்று வெளிப்பட்டு விலகுகின்றான். பூமாலை தொடுக்கும் சேந்தன் அமுதன் உத்தம சோழனாகி முடி சூடுகின்றான். வரலாற்றாசிரியர் ஐயுற்ற மனிதனை அகற்றிவிட்டு, ஐயத்தின் நிழலும் படியாத ஒருவனை அங்கே அமர்த்துகின்றார் ஆசிரியர். தீர்ப்புக் கூறாமல் விடுவது ஒன்று. ஆள் மாற்றி விடுதலை செய்வது மற்றொன்று. நான்கு பாகங்களில் பொறுமையாக இட்ட முடிச்சுகளை ஐந்தாவதில் இப்படி அறுத்தெறிந்ததே இளைஞரை உறுத்துகின்றது என்பது நம் எண்ணம். அவர்கள் அதனைக் 'கொலையாளி தெரியவில்லை' என்று வேறு பெயரிட்டு அழைக்கின்றனர். சிறுவயதில் நாமும் அவ்வாறே அழைத்தோம்.

இக்கருத்தை வகுப்பில் கூறியபோது மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "யாரையும் குற்றஞ்சாட்ட விரும்பாதவர் ரவிதாசனை மட்டும் முதல் பாகத்திலிருந்தே சதிகாரனாகக் காட்டியது எப்படி ஐயா?" என்றார். அவனுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டென்றோம். "கல்வெட்டை வெட்டுவித்தவர் அரசர்தானே?" என்றார் அவர். வரும் பருவத்தில் மாணவரை உடையார்குடிக்கு அழைத்துச் செல்வதென முடிவு செய்துள்ளோம். அம்மாணவி இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.