மூடிய சுரங்கம், மூடாத கோப்பு

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் ஊரிகம் ஒரு சின்ன நிலையம். கோலார் தங்கவயலின் இளைஞர்கள் இந்தப் பாதையில்தான் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் வேலைக்காக வெளியூர் போகவில்லை. பூமிக்கு அடியில் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நுரையீரலுக்குள் போன பாறைத் தூளுக்கு மட்டும் யாரும் மூடுவிழா நடத்த முடியவில்லை.

மருத்துவ ஆராய்ச்சியில் தங்கவயலுக்கு ஓர் இடம் உண்டு என்பது அந்த ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. சுரங்க மருத்துவமனையில் பணியாற்றிய ஆன்டனி காப்ளான் என்ற ஆங்கிலேய டாக்டர் 1940களில் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பரிசோதிக்கப்பட்ட 7,653 பேரில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ். 1947இல் வெளிவந்த அந்த அறிக்கையை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். ஆழச் சுரங்கத்தின் வெப்பத்தில் மனிதன் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதையும் அவர் இங்கேயே ஆராய்ந்தார். ஆராய்ச்சிக்கு உடல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள்.

காப்ளான் பிறகு வேல்ஸில் உள்ள கார்டிஃபுக்குப் போனார். முடக்குவாதம் உள்ள நிலக்கரித் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் வழக்கத்துக்கு மாறான உருண்டையான நிழல்களைக் கண்டு 1953இல் எழுதினார். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நெஞ்சு நோயையும் மூட்டு நோயையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. தூசு நோய்க்குத் துறை எல்லை தெரியாது. நுண்ணிய சிலிக்கா துகளை விழுங்கும் செல் செத்துப்போகிறது, சுற்றிலும் தழும்பு விழுகிறது, காசநோய் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் தெரியும் புள்ளிகளை டி.பி. என்றே முடிவு கட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கக்கூடியதுதான்.

சுரங்கத்தை விட்டு வந்தாயிற்று, இனி என்ன என்று நினைப்பவர்களுக்கு தென் ஆப்பிரிக்காவில் பதில் இருக்கிறது. அங்கே 2,235 தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் ஆய்வு வெளியிட்டார்கள். 313 பேருக்கு சிலிக்கோசிஸ். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் எக்ஸ்ரேயில் தென்பட்டது வேலையை விட்ட பிறகுதான், சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அந்தக் கணக்கைப் பார்த்தால், ஓய்வு பெறும் நாளில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்த சான்றிதழை அப்படியே நம்ப முடியாது.

கோலார் நகரை ஒட்டி, தங்கவயலுக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பெங்களூரில் கேட்கவே வேண்டாம். ஆனால் நம் கல்லூரிகளில் ஆராய்ச்சியின் பெரும்பகுதி எம்.டி. மாணவர்களின் ஆய்வேடு. படிப்பு மூன்று ஆண்டு. புறநோயாளிப் பிரிவுக்கு வரும் நூறு பேரை எண்ணி, அட்டவணை போட்டு, பைண்டு செய்து கொடுத்தால் முடிந்தது. மாணவரைக் குறை சொல்ல முடியாது. இருபது ஆண்டு கழித்து வெளியே வரும் நோயை மூன்று ஆண்டில் எப்படிப் பிடிப்பது? ஒரு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும்படி துறைகள் பொதுவாக ஒரு பதிவேடு வைக்க வேண்டும். நெஞ்சு நோய், கதிரியக்கம், மூட்டு, சிறுநீரகம் எல்லாம் ஒரே கோப்பில். அந்தப் பெரியவர்களிடம் இந்த முறையாவது சம்மதம் கேட்டு, முடிவையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

முடிவு கையில் இருந்தால் பயன் உண்டா? ராஜஸ்தானில் உண்டு. அங்கே 2019ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, நோய் உறுதியானதாகச் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அதற்கு முதலில் ஒரு டாக்டர் நோயின் பெயரை எழுத வேண்டும். இருமிக்கொண்டு வந்து உட்காரும் எழுபது வயதுக்காரரிடம் “என்ன வேலை பார்த்தீங்க ஐயா?” என்று கேட்டால்தானே எழுத முடியும்? சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று போட்டுவிட்டால், அவர் பூமிக்கடியில் கழித்த முப்பது வருஷம் அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடுகிறது.