கூட்டத்தில் காணாமல் போய்விடுவாளா?

"தங்கச்சி, என் மகளுக்கு யு.எஸ்.எம். கிடைச்சிருக்கு. சந்தோஷம்தான். ஆனா அவ ரொம்ப அமைதி. வகுப்புல கையைத் தூக்கி ஒரு கேள்வி கேக்க மாட்டா. அவ்ளோ பெரிய இடத்துல காணாம போயிடுவாளோன்னு பயமா இருக்கு. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன காலேஜ்லயும் இடம் தர்றாங்க. என்ன செய்யலாம்?"

பல்கலைக்கழக முடிவுகள் வெளிவரும் பருவத்தில் எங்கள் வானொலி நிலையத்துக்கு இப்படிப்பட்ட குரல் பதிவுகள் நிறைய வரும். இரண்டு பாட்டுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் இதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரம் இதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஆறாம் படிவத்தில் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துக் கேட்பார். பல்கலைக்கழகத்தில் யாரும் அழைக்க மாட்டார்கள். இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாருக்குத் தெரியும்? தமிழ்ப்பள்ளியிலிருந்து தொடங்கி, எல்லோருக்கும் பெயர் தெரிந்த இடங்களிலேயே படித்து வந்த பிள்ளைக்கு இது பெரிய மாற்றம். வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை என்றால், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர வீட்டிலும் ஆள் இருக்காது.

ஆனால் 'பெரிய இடம்' என்று நாம் சொல்வது எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் தொடங்கப்பட்ட இரண்டாவது பல்கலைக்கழகம் யு.எஸ்.எம். 1969-இல் 'பினாங்குப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் தொடங்கியபோது அங்கே படித்தவர்கள் வெறும் 57 பேர். பிறகுதான் குளுகோரில், பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மிண்டன் வளாகத்துக்கு அது குடிபெயர்ந்தது. இன்று மாணவர் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த எண்ணிக்கைதான் அம்மாக்களைப் பயமுறுத்துகிறது.

இந்த இருபதாயிரம் பேரும் ஒரே இடத்தில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவமும் பல் மருத்துவமும் கிளந்தானில், குபாங் கெரியானில் இருக்கின்றன. பொறியியல் வளாகம் நிபோங் திபாலில். மற்ற பெரும்பாலான படிப்புகள் மிண்டனில். பொறியியல் கிடைத்த ஜார்ஜ்டவுன் பிள்ளை தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்து, பாலம் தாண்டி தெற்கே நிபோங் திபால் வரைக்கும் போக வேண்டும் என்று பதிவு நாள் நெருங்கும்போது தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. எனவே கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மகிழ்ந்த கையோடு, எந்த வளாகம் என்பதையும் பாருங்கள்.

இன்னும் உள்ளே போவோம். யு.எஸ்.எம். தொடக்கத்திலிருந்தே 'புசாட் பெங்காஜியான்' எனப்படும் கல்வி மையங்களாகப் பிரிந்து இயங்குகிறது. வேதியியலுக்கு ஒரு மையம், கணிதத்துக்கு ஒன்று, தொடர்புத்துறைக்கு ஒன்று. தங்கும் விடுதிகளும் அப்படித்தான். அமான் டமாய், பக்தி பெர்மாய், சஹாயா கெமிலாங் என்று ஒவ்வொரு 'டேசாசிஸ்வா'வுக்கும் தனிப் பெயர், தனி நிர்வாகம். உங்கள் மகள் அன்றாடம் வாழப்போவது ஒரு கல்வி மையத்திலும், ஒரு விடுதியின் ஒரு மாடியிலும், பதினைந்து இருபது பேர் உட்காரும் டியூடோரியல் வகுப்பிலும்தான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இந்த வழியைத்தான் வைத்திருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளாகப் பிரிந்திருப்பதால், அங்கே படிப்பவர் முதலில் தன் கல்லூரியின் ஆள். அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டின் ஆள்.

அதனால் "பல்கலைக்கழகம் பெரியதா?" என்று கேட்பதைவிட, இந்தக் கேள்விகளைக் கேட்பது பயன்தரும். இந்தப் படிப்பில் ஓராண்டுக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள்? முதலாண்டுப் பாடங்களில் எவை பெரிய மண்டபத்தில் நடக்கின்றன? டியூடோரியல் வகுப்பில் எத்தனை பேர்? பிள்ளைக்கு ஒதுக்கப்படும் கல்வி ஆலோசகர் யார், அவரை எப்போது பார்க்கலாம்? இரண்டாம் ஆண்டில் விடுதி இடம் நிச்சயமா, அல்லது புறப்பாட நடவடிக்கைகளுக்கான புள்ளிகளைப் பார்த்துத்தான் தருவார்களா? கல்வி மையத்தின் அலுவலகத்துக்கு அழைத்தால் இவற்றுக்குப் பதில் கிடைக்கும். அதே படிப்பில் இருக்கும் ஒரு சீனியரிடம் கேட்டால் இன்னும் நேரடியாகச் சொல்வார்.

அடுத்தது பிள்ளையின் குணம். அமைதியான பிள்ளை பெரிய இடத்தில் தாக்குப்பிடிக்காது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நான் ஊடகத்துறை படித்ததும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில்தான். அங்கே நான் பார்த்தது வேறு மாதிரி. மண்டபத்தில் ஒரு வார்த்தை பேசாத தோழி ஒருத்தி இருந்தாள். சந்தேகங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் மடிக்கணினியை மூடும் நேரம் பார்த்து அவர் முன்னால் போய் நிற்பாள். நான்கு வருடமும் அப்படியே செய்தாள். நல்ல தேர்ச்சியோடு வெளியே வந்தாள். இன்னொருவன் எல்லோருக்கும் நண்பன். எந்த நிகழ்ச்சி என்றாலும் மேடையில் அவன்தான். இரண்டாம் பருவத்தில் அவன் வகுப்புக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். இவர்களோடு இருப்பான், அவர்களோடு இருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். சி.ஜி.பி.ஏ. 2.00-க்குக் கீழே போய் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பதைப் பற்றி வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க அறிஞர் 1975-இல் எழுதிய ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. படிப்பு வழியாகவும் நட்பு வழியாகவும் அந்த இடத்தோடு ஒட்டுதல் ஏற்படாதபோது மாணவர் விலகிப் போகிறார் என்பது அதன் சாரம். இரண்டு ஒட்டுதலும் வேண்டும். மேடைத் தோழனுக்கு நட்பு நிறைய இருந்தது, படிப்போடு ஒட்டுதல் இல்லை. துண்டுத் தாள் தோழிக்கு விரிவுரையாளரிடம் போய் நிற்கத் தெரிந்திருந்தது. கூச்சம் இருப்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது. கூச்சத்தோடேயே போய்க் கேட்கத் தெரிந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பியது யார்? பிள்ளையா, மாமாவா? பி.டி.பி.டி.என். கடனுக்கான வேலைகளைச் செய்தது யார்? வங்கிக்குப் போனபோது முகப்பில் பேசியது அம்மாவா, மகளா? எல்லாவற்றையும் பெரியவர்களே செய்திருந்தால் பயப்பட வேண்டாம், பதிவு நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. விடுதி பற்றிய அடுத்த அழைப்பைப் பிள்ளையே செய்யட்டும். மலாயில் பேசத் தடுமாறினால் தடுமாறட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், போனை வாங்கிவிடாதீர்கள்.

சின்ன இடம் என்றால் எல்லாம் சுலபம் என்று நினைப்பதும் சரியல்ல. அங்கே விரிவுரையாளருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், வராவிட்டால் கேட்பார். அது பெரிய ஆதரவு. ஆனால் முப்பது பேர் உள்ள வகுப்பில் மனக்கசப்பு வந்தால் ஒதுங்கிப் போக வேறு இடம் இருக்காது. எடுத்த படிப்பு பிடிக்காவிட்டால் மாறிப் போகவும் வழி குறைவு. பெரிய பல்கலைக்கழகத்தில் துணைப்பாடமாக வேறு துறையைத் தொட்டுப் பார்க்கலாம். நூலகம், ஆய்வுக்கூடம், இசைக்குழு, நாடகம் என்று பல கதவுகள் திறந்திருக்கும். ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் இன்னொரு கூட்டத்தைத் தேடிக்கொள்ளலாம்.

பணத்தையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். தனியார் கல்லூரியின் ஓராண்டுக் கட்டணமே, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முழுப் படிப்புக்கும் ஆகும் கட்டணத்தைத் தாண்டிவிடுவது உண்டு. 'வீட்டுக்குப் பக்கம்' என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கடனைப் பிள்ளையின் தலையில் வைக்கப்போகிறோமா? அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தோமா? யூ.பி.யூ. வழியாக வந்த இடத்தை மறுத்தால் அது வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த மாதம் மனம் மாறினால் திரும்பக் கிடைக்காது.

மறுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய உடல்நலப் பிரச்சினை இருந்தால், கிடைத்த படிப்பு அவள் கொஞ்சமும் விரும்பாத ஒன்றாக இருந்தால், அவள் விரும்பிய படிப்பே அந்தச் சின்ன இடத்தில் தரமாக இருந்தால், யோசித்து மறுக்கலாம். பெற்றோரின் பயம் மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: "அக்கா, மகள் கேட்டு வாங்கின படிப்புன்னா அனுப்புங்க. பதிவு நாளுக்கு முன்னாடி ஒருநாள் மிண்டனுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவளோட கல்வி மையம் எது, விடுதி எது, பஸ் எங்க நிக்கும்னு அவளே விசாரிக்கட்டும். நீங்க பின்னாடி நடந்து வாங்க."

போய்ச் சேர்ந்த பிறகு முதல் ஆறு வாரங்கள் முக்கியமானவை. நம் பிள்ளைகள் அங்கே முதலில் தேடுவது இன்னொரு தமிழ் முகத்தைத்தான். தேடட்டும். தீபாவளிக்கு முறுக்கு பகிர்ந்துகொள்ளவும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தரவும் ஆள் வேண்டும். பழைய குறிப்புகளைத் தரும் சீனியர் அண்ணன், அக்கா கிடைப்பதும் அங்கேதான். ஆனால் சாப்பாடு, படிப்பு, குழுப்பணி எல்லாமே அந்த ஒரே வட்டத்துக்குள் என்று ஆகிவிட்டால், அந்த வட்டம் வகுப்புக்குப் போகாத நாளில் இவளும் போக மாட்டாள். பாடத்துக்கு ஒருவராவது வெளியிலிருந்து நட்பாகட்டும். மலாய்க்காரத் தோழியோ சீனத் தோழனோ, யாராக இருந்தாலும் சரி.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் அழைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். கேளுங்கள், அது நம் பாசம். அதோடு வாரம் ஒருமுறை இதையும் கேளுங்கள்: "இந்த வாரம் எந்த விரிவுரையாளர்கிட்ட பேசின?" மூன்று வாரம் தொடர்ந்து "யார்கிட்டயும் இல்லம்மா" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். கல்வி ஆலோசகரின் பெயரைக் கேட்டு, அவரைப் பார்க்க ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாள் முடிந்ததும் மறக்காமல் அழைத்து, போனாளா என்று கேளுங்கள்.