பட்டையும் பட்டகமும்: இணைபக்க வடிவப் பெயர்கள் குறித்து ஒரு கருத்து

கெடிலக் கரையிலுள்ள திருவதிகை, அட்டவீரட்டானத் தலங்களுள் ஒன்று. அக்கோயிற் கருவறையிலுள்ள இலிங்கம் பதினாறு பட்டைகளை உடையது. வடிவியற் பாடநூலில் ‘பட்டகம்’ எனப் பயிலும் சொல், ‘பட்டை’ என்னும் இச்சிற்பத் தொழிற்சொல்லின் அடியாகப் பிறந்தது எனக் கருத இடமுண்டு. ஆயினும் நம் கலைச்சொல்லாய்வுகள் பெரும்பாலும் அகராதிகளோடு அமைந்துவிடுகின்றன. கோயிற் கட்டடக்கலைச் சொற்களை அவை போதிய அளவில் கருத்திற்கொள்வதில்லை.

ஒன்றுக்கொன்று இணையான, சர்வசமமான இரு முகங்களையும், அவற்றை இணைக்கும் இணைகர முகங்களையும் கொண்ட திண்மத்தைத் தமிழகப் பாடநூல்கள் பட்டகம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் அரியம் என்கின்றன. இதற்குரிய கிரேக்க மூலச்சொல் ‘அறுக்கப்பட்டது’ எனப் பொருள்படும். அப்பொருளைத் தழுவி, ‘அரி’ என்னும் வினையடியாக அரியம் ஆக்கப்பட்டது எனலாம். முன்னது முகத்தையும் பின்னது செயலையும் சுட்டுகின்றன. இணைத்தன்மையை இரண்டும் சுட்டவில்லை. சரிவகமும் அத்தகையதே. வரையறைக்குரிய இணைபக்கங்களை விடுத்துச் சரிந்த பக்கங்களால் அது பெயர்பெற்றது. இணைகரமோ தன் வரையறையைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இதனால் ஏனையவற்றையும் ‘இணை’ என்னும் அடைகொடுத்துத் திருத்தல் வேண்டும் என்பார் கூற்று ஏற்புடையதன்று. பெயர் ஒரு பண்பைச் சுட்டினாற் போதும். முழு இலக்கணம் உரைத்தல் வரையறையின் பணியாகும். உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. கோயில் அதிட்டானத்தில் அமையும் முப்பட்டைக் குமுதத்திற்கு மேற்சரிவு, நடுமுகம், கீழ்ச்சரிவு என வெளித்தோன்றும் பட்டைகள் மூன்று. நடுமுகம் சுவருக்கு இணையாக நிற்பதால், அவ்வுறுப்பின் குறுக்குவெட்டு சரிவகமாகிறது. பாடநூலின் முப்பட்டகத்திற்கோ குறுக்குவெட்டு முக்கோணம். தபதி புறத்தே தோன்றும் பட்டைகளை மட்டும் எண்ணுகிறார். கணிதவியலார் பக்கமுகங்கள் அனைத்தையும் எண்ணுகிறார். ஒரே எண்ணடை இரு துறைகளில் இருவேறு திண்மங்களைக் குறிக்கும் இவ்வேறுபாட்டை அகராதிப் பொருள் மட்டும் கொண்டு அறிதல் இயலாது.

தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்க 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் ஒரு சங்கம் தோன்றியது. நூறாண்டு கடந்த இம்முயற்சியின் அடுத்த படிநிலை, புதுச்சொற்களைப் பெருக்குவதன்று. உள்ள சொற்களின் வரலாற்றையும் பொருளெல்லையையும் தெளிவுறுத்துவதே ஆகும். ஒவ்வொரு வடிவியற் சொல்லுக்கும் அதன் வரையறை, இலங்கை வழக்கு, தொழில்வழக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் பதிவு தேவை. தபதியரின் சொற்கள் பெரிதும் வாய்மொழியாகவே கற்பிக்கப்படுவதால், களஆய்வின்றி அவற்றைத் தொகுத்தல் அரிது. இப்பணியைக் கணிதத்துறைக்கு உரியது எனத் தமிழ்த்துறைகள் ஒதுக்குதல் கூடாது. சொற்பொருள் ஆராய்ச்சி நமக்குரிய துறையாதலின், தபதியரிடமும் கணித ஆசிரியரிடமும் ஒருங்கே சென்று கேட்கும் பொறுப்பும் நம்மையே சாரும்.